ஒரு நூல் இடைவெளி

சித்திரையில் ஒரு விரலால் இழுத்ததும் ஓடி வந்த மர டிராயர், ஐப்பசி அடைமழையில் இரண்டு கையால் இழுத்தாலும் அசைய மறுக்கும். சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே, சிவகிரியை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ராயகிரி போன்ற ஊரில் இது வருஷா வருஷம் நடக்கக்கூடிய சங்கதி. பழி தச்சர் தலையில் விழும். "அளவு சரியில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டார்" என்பார்கள். அவர் எடுத்த அளவு அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகு பலகை வளர்ந்துவிட்டது.

அடுக்களைச் சாமான் வைக்க இழுப்பறை செய்வது வெளிப்பார்வைக்குச் சின்ன வேலை. ஐந்து பலகை, கொஞ்சம் பசை, பத்துப் பன்னிரண்டு திருகு. ஆனால் வீட்டு மரச்சாமான்களில் இவ்வளவு பாடுபடும் உறுப்பு வேறு இல்லை. கதவு கீலில் தொங்கிச் சுழலும், அவ்வளவுதான். டிராயரோ இருபது கிலோ சுமையைத் தாங்கிக்கொண்டு, மேலும் கீழும் பக்கமும் உரசாமல், அந்தரத்தில் நீட்டி நின்று, திரும்ப உள்ளே போக வேண்டும். அதுவும் ஒரு நாளைக்குப் பத்து முறை. இதற்குப் பின்னால் ஈரம், உராய்வு, நெம்புகோல் என்று மூன்று அறிவியல் சங்கதிகள் இருக்கின்றன. அதற்கும் முன்பு நான்காவதாக ஒரு பூச்சி இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

இப்போது கட்டும் வீடுகளில் அடுப்பு மேடைக்குக் கீழே இரண்டடி ஆழத்துக்குக் கடப்பா கல் தட்டு போட்டுவிடுகிறார்கள். முன்பாதியில் இருப்பது கண்ணில் படும். பின்பாதியில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் தரையில் குந்தி, தலையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். புதிதாக வாங்கிய பாக்கெட் முன்னால் வரும், பழையது பின்னுக்குத் தள்ளப்படும். அப்படித் தள்ளப்பட்ட அரிசியும் பருப்பும்தான் வண்டுக்குப் பிறந்த வீடு.

அரிசி வண்டின் பிள்ளைப்பேறு கவனித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. சிட்டோஃபிலஸ் ஒரைசே என்பது அதன் அறிவியல் பெயர். பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் ஓர் அரிசியில் துளை போடும், அதற்குள் ஒரு முட்டை வைக்கும், பிறகு பசை போன்ற ஒரு சுரப்பால் துளையை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் அரிசி அரிசியாகத்தான் இருக்கும். உள்ளே புழு தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, நம் ஊர்க் கோடை வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். ஒரு பெண் தன் ஆயுளில் முந்நூறு முட்டை வரை வைக்கக்கூடியது. மாதாமாதம் தீர்ந்துபோகும் அரிசியில் இதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. மூன்று மாதம் கண்ணில் படாமல் கிடந்த பாக்கெட்டில் பேரன் பேத்தி வரைக்கும் எடுத்துவிடும். ஆகவே, பழையது முதலில் தீர வேண்டும் என்ற ஒரே விதியில் சேமிப்புக் கலையின் பாதி அடங்கிவிடுகிறது.

கரிசல் பூமிக்காரர்கள் இந்த விதியை மண்ணால் கட்டி வைத்திருந்தார்கள். குலுக்கை என்ற அந்த மண் கூட்டில் கம்பையும் சோளத்தையும் மேல்வாய் வழியாகக் கொட்டுவார்கள். எடுப்பது அடியில் இருக்கும் துளை வழியாக. முதலில் போனது முதலில் வெளியே வந்தாக வேண்டும், வேறு வழியே கிடையாது. அரங்கு வீட்டில் குலுக்கை நின்ற காலம் போய், சாமான் எல்லாம் டப்பாவுக்கும் பாக்கெட்டுக்கும் மாறிய பிறகு அந்த ஒழுங்கும் கூடவே போய்விட்டது. ஆழமான தட்டை முழுவதுமாக வெளியே இழுத்து, கடைசி மூலையில் இருக்கும் கொண்டைக்கடலையையும் மேலிருந்து பார்க்கும்படி செய்யும் இழுப்பறை, குலுக்கையின் அந்த ஒழுங்கை வேறு வழியில் மீட்டுத் தருகிறது.

உலகத்தின் இன்னொரு கோடியிலும் இதே யோசனை ஓடியது. 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அது அமைக்கப்பட்டது. இன்றைக்கு மாடுலர் கிச்சன் என்று நாம் சொல்வதற்கு அதுதான் பாட்டி. அரிசி, சர்க்கரை என்று பெயர் எழுதிய சின்னச் சின்ன அலுமினிய இழுப்பறைகள் அதில் வரிசையாக இருந்தன. பிடித்து இழுத்து, அப்படியே சாய்த்துக் கொட்டிக்கொள்ளலாம். மாவு வைக்கும் பெட்டியை மட்டும் ஓக் மரத்தில் செய்தார்கள். அந்த மரத்தில் இருக்கும் துவர்ப்புப் பொருள் மாவுப் புழுவை அண்டவிடாது என்பது கணக்கு. எந்தப் பொருளுக்கு எந்த மரம் என்று யோசித்துச் செய்த அந்தக் கவனத்துக்காகவே அந்தச் சமையலறையை இன்றும் நினைக்கத் தோன்றுகிறது.

இனி மரத்துக்கு வரலாம்.

மரம் வெட்டுப்பட்ட பிறகும் ஈரத்தை உறிஞ்சுவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கும்: செல்களின் உட்குழியிலும், செல் சுவரின் இழைகளுக்கு நடுவிலும். குழியில் இருக்கும் தண்ணீர் வற்றினால் எடைதான் குறையும், அளவு மாறாது. மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் செல் சுவரே வற்றத் தொடங்கும், பலகையும் சுருங்கத் தொடங்கும். மழைக்காலத்தில் ஈரம் இதே வழியில் திரும்பி வரும். காற்றில் ஈரம் ஏற ஏறச் செல் சுவர் அதை வாங்கிக்கொண்டு உப்பும். செல் சுவரின் நுண்ணிழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் கிடப்பதால், நடுவில் நுழையும் தண்ணீர் அவற்றைப் பக்கவாட்டில்தான் விலக்கித் தள்ள முடியும். அதனால் பலகை அகலத்தில் கூடும், குறையும். நீளத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொற்பம்.

ராயகிரிக்கு இது ஏன் முக்கியம் என்றால், அங்கே காற்றின் ஈரம் ஒரே நிலையில் நிற்பதில்லை. பங்குனி, சித்திரையில் நடுப்பகல் காற்று காய்ந்து கிடக்கும். மலைக்கு மேற்கே கேரளம் தென்மேற்குப் பருவமழையில் நனையும்போது, கிழக்கு அடிவாரத்துக்குக் காற்றும் எப்போதாவது சாரலும்தான் வந்து சேரும். பெருமழை என்பது ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. அந்த வாரங்களில் துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் கோக்கும், அலமாரிப் பலகையும் பேசாமல் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்.

எவ்வளவு குடிக்கும் என்று கணக்குப் போடலாம். வெப்பம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்தில் நிலைத்தால் மரத்தின் ஈரம் சுமார் 7 சதவீதத்தில் வந்து நிற்கும். காற்று 80 சதவீதத்துக்கு ஏறினால் மரம் சுமார் 15-க்கு ஏறும். தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காயும் வரை, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் 5.8 சதவீதமும், வளையங்களுக்குக் குறுக்கே 2.5 சதவீதமும் சுருங்கும். ஈரம் ஒரு சதவீதம் மாறினால் முதல் திசையில் ஏறக்குறைய 0.19 சதவீத மாற்றம். 20 சென்டிமீட்டர் உயரமுள்ள டிராயர் பலகையில் 8 சதவீத ஈரம் ஏறினால் அது 3.1 மில்லிமீட்டர் வளரும்.

தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொரு பங்கையும் ஒரு நூல் என்பார்கள். ஒரு நூல் 3.2 மில்லிமீட்டர். கோடையில் ஒரு நூல் இடைவெளி விட்டுச் செய்த டிராயர், அடைமழைக்கு அதை முழுவதுமாகத் தின்று முடித்து நிலையில் போய் முட்டும். தேக்கு குறைவாகச் சுருங்கும் மரம் என்று பெயர் எடுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். நல்லவேளையாக வீட்டுக்குள் இருக்கும் மரம் இந்த எல்லை வரை போவது அபூர்வம். காற்று மாறிய பிறகு மரம் மாற நாட்களும் வாரங்களும் ஆகும், வார்னிஷ் அதை இன்னும் தாமதப்படுத்தும். ஆனாலும் கணக்கு சொல்லும் திசை தெளிவு: சித்திரையில் செய்தால் மேலே முழு நூல் விட வேண்டும், கார்த்திகையில் செய்தால் அரை நூல் போதும்.

"மேலே" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிராயரின் பக்கப் பலகைகளில் மரத்தின் ரேகை முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. முன்பலகையில் இடமிருந்து வலமாக ஓடுகிறது. அகலவாக்கு என்பது எல்லாப் பலகையிலும் உயரம்தான். ஆக, மழைக்காலத்தில் டிராயர் உயரத்தில் வளர்கிறது. அதன் மொத்த அகலத்தைத் தீர்மானிப்பது முன்பலகையின் நீளம் என்பதால் அது ஏறக்குறைய மாறுவதே இல்லை. இறுகிய டிராயரைக் கழற்றிப் பக்கங்களை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்து போகிறவர்கள் தப்பான இடத்தில் தேய்க்கிறார்கள். முட்டுவது மேல்விளிம்பு. அங்கே இழைப்புளியை இரண்டு முறை ஓட்டினால் போதும்.

அடிப்பலகைக்கு வேறு மாதிரியான ஏற்பாடு தேவை. இரண்டு பக்கப் பலகைகள், முன்பலகை ஆகிய மூன்றின் உட்புறத்திலும், கீழ்விளிம்பிலிருந்து அரை அங்குலம் மேலே, காடி எடுத்து அதற்குள் அடிப்பலகையைச் சொருகுவது பழைய முறை. கட்டை மரத்தில் செய்தால் அந்தப் பலகைக்குக் காடிக்குள் பசை போடவே கூடாது. அதன் ரேகையை இடமிருந்து வலமாக வைத்துவிட்டால் அது முன்பின்னாகத்தான் வளரும். பின்பலகையின் அடிவிளிம்பைக் காடிக்கு மேலேயே நிறுத்திவிட்டால், வளரும் பலகை பின்பக்கமாகக் கொஞ்சம் நீண்டுகொள்ளும், யாருக்கும் தொந்தரவில்லை. நடுவில் நீள்துளை போட்டு ஒரே ஒரு திருகு. பசை போட்டு நாலு பக்கமும் இறுக்கி ஆணியும் அடித்துவிட்டால், ஒன்று பலகை வெடிக்கும், இல்லையென்றால் மூட்டு திறந்துகொள்ளும். மரத்தின் வீக்கத்தைப் பசையால் தடுத்து நிறுத்த முடியாது.

பிளைவுட்டில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஒரு மரத்தாளின் ரேகைக்குக் குறுக்காக அடுத்த தாளை ஒட்டி அடுக்கியிருப்பதால், ஒன்று விரிய நினைக்கும் திசையில் இன்னொன்று விறைத்து நிற்கும். அடிப்பலகைக்கு அதுவே உத்தமம். தொட்டி, அடுப்பு மேடை என்று ஈரம் புழங்கும் இடத்தில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பலகையை வாங்கலாம். அதன் பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. கனத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது: 6 மில்லிமீட்டருக்குப் பதில் 12 போட்டால் விறைப்பு இரண்டு மடங்காக அல்ல, எட்டு மடங்காகும். உள்ளளவு 50 சென்டிமீட்டர் ஆழம், 40 அகலம், 15 உயரம் உள்ள டிராயரில் 30 லிட்டர் இடம் இருக்கிறது. முழுக்க அரிசி நிரப்பினால் 23 கிலோ ஏறும். 6 மில்லிமீட்டர் பலகை இந்தச் சுமையில் தொய்ந்து, கொஞ்ச நாளில் கீழ்ச் சட்டத்தில் உரசத் தொடங்கிவிடும்.

டிராயர் கோணிக்கொண்டு நின்றுவிடுவது ஈரத்தோடு சம்பந்தமில்லாத இன்னொரு நோய். ஒரு மூலையைப் பிடித்து இழுக்கும்போது டிராயர் லேசாகத் திரும்பும். முன்னால் ஒரு பக்கச் சுவரிலும் பின்னால் எதிர்ச் சுவரிலும் மூலைகள் போய் அழுந்தும். அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். குலோம் என்ற பிரெஞ்சு அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டில் சோதித்து நிறுவிய உராய்வு விதி அதைத்தான் சொல்கிறது. ஒரு கட்டத்தில் எவ்வளவு பலமாக இழுத்தாலும், அந்த இழுவையே அதே அளவு உராய்வை உண்டாக்கிவிடும். அதன்பிறகு பலம் பிரயோகித்துப் பயனில்லை. நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடித்தால் இது நடக்கும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. டிராயரில் எவ்வளவு நீளம் இன்னும் கூட்டுக்குள் இருக்கிறதோ அதை உராய்வு எண்ணின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். மரத்தோடு மரம் உரசும்போது உராய்வு எண் சுமார் 0.4.

90 சென்டிமீட்டர் அகலமும் 45 ஆழமும் உள்ள டிராயரை எடுத்துக்கொள்வோம். மூடியிருக்கும்போது 56 சென்டிமீட்டர் வரை தள்ளிப் பிடிக்கலாம், அதனால் மூலையைப் பிடித்தாலும் புறப்பட்டுவிடும். பாதி வெளியே வந்ததும் அந்த எல்லை 28-ஆகச் சுருங்கும். கையோ நடுவிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. டிராயர் கோணி நின்றுவிடும். அகலம் 40 என்றால் மூலையே 20 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியே வரும் வரை சிக்காது. சாமான் டிராயர் ஒடுக்கமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு அழகைவிட இதுதான் காரணம். ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்க்கும் பழக்கமும் வெறும் கைவைத்தியம் இல்லை. உராய்வு எண் பாதியானால், தள்ளிப் பிடிக்கக்கூடிய தூரம் இரட்டிப்பாகும். எண்ணெய் மட்டும் போடக் கூடாது. மரம் அதைக் குடித்துவிட்டு, தூசியைப் பிடித்து வைத்துப் பிசுக்கேறும்.

கனமான சாமானுக்கு டெலஸ்கோப்பிக் சேனல் போடுவதே நல்லது. மூன்று இரும்புப் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாக எஃகுக் குண்டுகள் மேல் உருளுவதால் டிராயர் முழு நீளமும் வெளியே வரும். உரசுவதைவிட உருளுவதில் தடை பல மடங்கு குறைவு. பக்கவாட்டில் பொருத்தும் சேனலின் கனம் ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது நாலு நூல். ஆகவே டிராயர் பெட்டி, கூட்டின் உள்ளகலத்தைவிடச் சரியாக ஓர் அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். இங்கே ஒரு மில்லிமீட்டர் கூடினால் சேனல் நெருக்கப்பட்டுக் குண்டுகள் கரகரக்கும். பெட்டியை முதலில் அடித்துவிட்டுச் சேனல் வாங்கப் போவதைப்போல வேலையைக் கெடுக்கும் காரியம் வேறில்லை. சேனலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பலகை அறுக்க வேண்டும்.

சேனலின் உறையில் 45 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பினால் போதாது. முழுக்க நீட்டிய டிராயர் ஒரு நெம்புகோல். 20 கிலோ சுமையை 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெளியே நீட்டினால், பக்கத்துக்கு 10 கிலோ என்று பிரிந்து, அதன் மையம் கூட்டின் முகப்பிலிருந்து 22 சென்டிமீட்டர் முன்னால் நிற்கும். முகப்பை ஒட்டி ஒரு திருகும், அதற்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இன்னொன்றும் இருந்தால், பின்திருகை 7 கிலோ மேல்நோக்கிப் பிடுங்கும், முன்திருகு 17 கிலோவைக் கீழ்நோக்கித் தாங்கும். பத்துக் கிலோவுக்குப் பதினேழு கிலோ. தூள் பலகையில் செய்த கூட்டில் சேனல் பிய்ந்து வருவது பெரும்பாலும் முன்திருகில் தொடங்குவதற்கு இதுதான் காரணம். அந்த இடத்தில் நல்ல கட்டை மரத்தில் ஒரு சட்டம் கொடுத்து அதில் திருகை இறக்கினால் காலத்துக்கும் நிற்கும். தனியாக நிற்கும் அலமாரியாக இருந்தால் அதைச் சுவரோடு இறுக்கிவிடவும் வேண்டும். இரண்டு கனமான டிராயர்களை ஒரே நேரத்தில் ஒரு குழந்தை இழுத்துவிட்டால் அலமாரியே முன்னால் கவிழும்.

எந்த மரம் என்ற கேள்விக்கு, தேக்கின் வைரத்துக்கு ஈடில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் டிராயரின் பக்கப் பலகைக்குத் தேக்கு கட்டாயம் இல்லை. ஊரில் கிடைக்கும் வேம்பும் பூவரசும் நன்றாகக் காய்ந்திருந்தால் போதுமானவை. வேப்பமரத்தில் செய்த பெட்டிக்குள் அரிசி வைத்தால் வண்டு வராது என்று நம்பிவிட வேண்டாம். பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் மிகுதியாக இருப்பது வேப்பங்கொட்டையின் பருப்பில். மாமரமும் ரப்பர் மரமும் விலை மலிவு. அவற்றில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பொடி வண்டு துளைத்து உளுத்துப்போகச் செய்யும். போரிக் அமிலமும் போராக்ஸும் ஏற்றிப் பதப்படுத்திய ரப்பர் பலகையாகப் பார்த்து வாங்குவது அதனால்தான்.

பூச்சு பூசும்போது வெளிப்பக்கம் மட்டும் பளபளவென்று வார்னிஷ் அடித்து உள்பக்கத்தை வெறுமனே விடுகிற வழக்கம் இருக்கிறது. ஈரம் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஏறுவதால் பலகை வளைந்துவிடும். இரண்டு பக்கமும் பூச வேண்டும். உள்ளே எண்ணெய்ப் பூச்சு கூடாது. மூடிக் கிடக்கும் டிராயரில் அந்த வாடை மாதக்கணக்கில் நின்று மாவில் ஏறிவிடும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பூச்சு சீக்கிரம் காயும், வாடை விடாது. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேற்பூச்சாகப் பயன்படுவதும் அதே அரக்குதான்.

செய்து முடித்த டிராயருக்கு உண்மையான சோதனை அது பார்க்கும் முதல் ஐப்பசி. அப்போது இறுகினால் உடனே இழைப்புளியைத் தூக்க வேண்டாம். மேல்விளிம்பு முழுவதும் சாக்பீஸைத் தேய்த்து, டிராயரை உள்ளே தள்ளி, வெளியே இழுத்துப் பார்த்தால் எந்த இடத்தில் சுண்ணாம்பு அழிந்திருக்கிறதோ அங்குதான் முட்டுகிறது. அந்த இடத்தை மட்டும் சீவி, சீவிய இடத்தில் மறுபடி அரக்கு பூச வேண்டும், ஏனென்றால் புதிதாக வெட்டிய மரம் ஈரத்தை இன்னும் வேகமாகக் குடிக்கும். கோடையில் அங்கே இடைவெளி கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். முன்பலகையை வாயைவிடச் சுற்றிலும் அரை அங்குலம் பெரிதாக வைத்து மேலே படியும்படி செய்திருந்தால் அது வெளியே தெரியாது. கரப்பான் குஞ்சுக்கு அந்த ஒரு நூல் சந்து தாராளம் என்பதால், உள்ளே வைக்கும் பருப்பும் அரிசியும் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில்தான் இருக்க வேண்டும்.